கல்லூரிகள் இருக்கின்றன, கல்லூரி நகரம் எங்கே?



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘தேனியின் வளமும் கல்வியும்’. வளத்தைப் பற்றிப் பேசலாம், நீங்கள் கைதட்டுவீர்கள். கல்வியைப் பற்றிப் பேசலாம், அதற்கும் கைதட்டுவீர்கள். ஆனால் இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது எனக்குள் ஒரு கேள்வி எழுகிறது. அதைத்தான் இந்த அவையின் முன் வைக்கப்போகிறேன். ஆண்டிபட்டிக் கணவாயிலிருந்து குமுளி மலையடிவாரம் வரைக்கும் நம்மிடம் கல்லூரிகள் இருக்கின்றன. நம்மிடம் ஒரு கல்லூரி நகரம் இருக்கிறதா?

முதலில் வளம். மதுரைச் சாலையும் கம்பம் சாலையும் பெரியகுளம் சாலையும் கூடுகிற நேரு சிலை முக்கில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். நகைக்கடைகள், ஜவுளிக்கடைகள், கார் விற்கிற கண்ணாடி மாளிகைகள், முகூர்த்த நாளில் வண்டி நிறுத்த இடமில்லாத கல்யாண மண்டபங்கள். போடிக்குப் போங்கள். ஏலக்காய்க் கடைகள் இருக்கும் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் மணமே வழி சொல்லும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிற ஊர் அது. கம்பம், சின்னமனூர் பக்கம் போங்கள். திராட்சைப் பந்தலும் வாழையும் தென்னையும் நெல்லும் மாறி மாறி வரும். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுக்கப் பழம் பறிக்கக்கூடிய மண், நம் மண்.

இந்த வளம் எப்படி வந்தது? அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்! மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த வேலை. ஒரு முறை வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனால் மறுபடி கட்டினார்கள். அந்தத் தண்ணீரில் விளைந்ததுதான் நாம் உண்கிற சோறு. அதனால்தான் பாலார்பட்டியில் அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். அதனால்தான் லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம். தேனியின் புதிய பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர்தான். நன்றி மறக்காத பள்ளத்தாக்கு இது. இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

தண்ணீர் வந்தது, வயல் விளைந்தது, வியாபாரம் பெருகியது. கல்வி?

எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் கம்பத்தில் ஒரு பையன் பள்ளிக்கூடம் முடித்துவிட்டான் என்றால், அதற்கு மேல் படிக்க மதுரைக்குத்தான் போகவேண்டும். அமெரிக்கன் கல்லூரி இருந்தது, 1949க்குப் பிறகு தியாகராசர் கல்லூரி இருந்தது, பெண்ணாக இருந்தால் 1948இல் தொடங்கிய லேடி டோக் இருந்தது. எல்லாம் மதுரையில். விடுதிக்குப் பணம் கட்ட வசதி வேண்டும், பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப மனசும் வேண்டும். பணம் இருந்தவர் வீட்டுப் பையன் போனான். பணம் இருந்தவர் வீட்டுப் பெண்ணும் பெரும்பாலும் போகவில்லை. பணம் இல்லாதவர் வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்த நிலையை மாற்றியது யார்? இங்கேதான், அன்பர்களே, நம் பள்ளத்தாக்கின் வரலாற்றில் நான் நின்று நிதானித்து வணங்குகிற இடம் வருகிறது.

1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி எழுந்தது. ஒரு ராவுத்தர் குடும்பத்தின் கொடை. கருத்த ராவுத்தர் பெயர் தாங்கிய அந்தக் கல்லூரியின் வகுப்பறையில் யார் உட்கார்ந்தார்கள்? கோம்பைப் பிள்ளை உட்கார்ந்தான், தேவாரத்துப் பிள்ளை உட்கார்ந்தான், பண்ணைப்புரத்துப் பிள்ளை உட்கார்ந்தான். எல்லாச் சாதியும் எல்லா மதமும் உட்கார்ந்தன. இந்தப் பக்கத்து எந்த அரசு அலுவலகத்திலும் கொஞ்சம் வயதான ஒருவரைப் பார்த்து, “ஐயா, எங்கே படிச்சீக?” என்று கேட்டுப் பாருங்கள். “நம்ம ராவுத்தர் காலேஜுலதான்யா” என்று சொல்கிற குரல் கட்டாயம் கேட்கும்.

போடிக்கு வாருங்கள். ஏலத்தோட்டக்காரர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். சங்கம் எதற்கு? விலைக்காக, வரிக்காக, வழக்குக்காக என்றுதான் எந்த ஊரிலும் சொல்வார்கள். போடியில் அந்தச் சங்கம் ஒரு கல்லூரியைக் கட்டியது. ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி, நம் வாயில் சி.பி.ஏ. கல்லூரி. ஒரு விளைபொருளின் பெயரைத் தாங்கி ஒரு கலைக் கல்லூரி நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தேனிக்கு வாருங்கள். மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை. நாடார் பேட்டைகளில் மகமை என்றொரு வழக்கம் உண்டு. பெரியவர்களுக்குத் தெரியும், இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். சரக்கு மூட்டை கைமாறும்போது மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை உறவின்முறைக் கணக்கில் விழுந்துவிடும். லாபம் வந்தால் கொடுப்பது, நட்டம் வந்தால் நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. சரக்கு நகர்ந்தால் மகமை உண்டு. விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தியதும் இதே குணம்தான். அந்தக் குணம்தான் தேனியில் நாடார் சரஸ்வதி என்ற பெயரில் பள்ளியாகவும் கலைக் கல்லூரியாகவும் பொறியியல் கல்லூரியாகவும் நிற்கிறது.

பெரியகுளத்தில் புனித அன்னாள் சபைக் கன்னியர் 1971இல் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியைத் தொடங்கினார்கள். மதுரைக்கு அனுப்பத் தயங்கிய அப்பாக்கள் பெரியகுளத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு தயக்கம் உடைந்ததில் எத்தனை குடும்பங்களின் தலையெழுத்து மாறியிருக்கும்! கம்பத்தில் கன்னடம் பேசும் ஒக்கலிகச் சமூகத்தார் கர்நாடகத்து மடத்தின் பெயரில் ஆதிசுஞ்சனகிரி மகளிர் கல்லூரி நடத்துகிறார்கள்.

அரசு பின்தங்கிவிட்டதா? இல்லை. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி, க.விலக்கில் 2004இல் மருத்துவக் கல்லூரி, போடியில் 2012இல் பொறியியல் கல்லூரி, தேனிக்குப் பக்கத்தில் 2019இல் சட்டக் கல்லூரி, 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரி, வீரபாண்டியிலும் ஆண்டிபட்டியிலும் கலை அறிவியல் கல்லூரிகள். 1996இல் மதுரையிலிருந்து பிரிந்த ஒரு மாவட்டத்துக்கு இது சின்னச் சாதனை அல்ல.

ஆக, ராவுத்தர் கொடுத்தார், நாடார் கொடுத்தார், கன்னியர் கொடுத்தனர், ஏலத்தோட்டக்காரர் கொடுத்தார், ஒக்கலிகர் கொடுத்தார், அரசும் கொடுத்தது. தேனியை நடுவில் வைத்தால் இவற்றில் பெரும்பாலானவை ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள். பிறகு ஏன் நான் கல்லூரி நகரம் எங்கே என்று கேட்கிறேன்?

மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து பாருங்கள் என்கிறேன். கல்லூரி விட்டாயிற்று. பையைத் தோளில் மாட்டி, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள். வண்டி வருகிறது, ஏறுகிறார்கள், போகிறார்கள். அதோடு சரி. ஆறு மணிக்குக் கல்லூரி வாசலில் கேட் பூட்டியிருக்கிறது. உள்ளே நூலகமும் பூட்டியிருக்கிறது. உத்தமபாளையத்தில் படிக்கிற பிள்ளைக்குப் பெரியகுளத்து நூலகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. போடியில் பொறியியல் படிக்கிறவனுக்குப் பெரியகுளத்தில் மாங்கன்றில் ஆராய்ச்சி செய்கிறவனைத் தெரியாது. சட்டம் படிக்கிறவள் மருத்துவம் படிக்கிறவளை எங்கே சந்திப்பாள்? தேனி நகரத்தில், 2011 கணக்கெடுப்பிலேயே 94 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரத்தில், புத்தகக் கடை என்று போனால் கைடும் நோட்ஸும் போட்டித்தேர்வு வினாவிடையும்தான் அடுக்கியிருக்கிறது. அதற்கு மேல் ஒரு நல்ல புத்தகம் வேண்டுமென்றால் மதுரைக்குப் போ என்கிறார்கள். மறுபடியும் மதுரை!

கல்லூரி என்பது கட்டடம். கல்லூரி நகரம் என்பது பழக்கம். கட்டடத்தை நம் முன்னோர் தந்துவிட்டார்கள். பழக்கத்தை உண்டாக்க வேண்டியவர்கள் நாம்.

உலகத்தில் இதைச் செய்த ஊர் உண்டா? உண்டு. ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கிழக்கே, சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் கிளேர்மான்ட் என்று ஓர் ஊர். 2020இல் மக்கள்தொகை 37 ஆயிரம். நம் பெரியகுளத்தைவிடச் சின்ன ஊர். மலையடிவாரம், ஒரு காலத்தில் சுற்றிலும் ஆரஞ்சு எலுமிச்சைத் தோப்புகள், பழம் விற்கத் தோட்டக்காரர்கள் சேர்ந்து வைத்த கூட்டுறவுச் சங்கம். நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதா இல்லையா? 1887இல் தொடங்கிய பொமோனா என்ற கல்லூரி அங்கே வந்து சேர்ந்தது. நன்றாக வளர்ந்தது. 1920களில் சேர்க்கை கூடிக்கொண்டே போனபோது அதன் தலைவர் ஜேம்ஸ் பிளைஸ்டெல் முன்னால் ஒரு கேள்வி நின்றது. இதை ஒரே பெரிய கல்லூரியாக ஊதிப் பெருக்குவதா?

வேண்டாம் என்றார் அவர். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டைப் பாருங்கள். சின்னச் சின்னக் கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி மரபு, ஆனால் நூலகமும் ஆய்வு வசதியும் பொது. அப்படியே இங்கும் செய்வோம் என்றார். 1925இல் அந்த ஏற்பாடு தொடங்கியது. அடுத்த ஆண்டே பெண்களுக்கென்று ஸ்கிரிப்ஸ் கல்லூரி, பிறகு 1946இல் ஒன்று, 1955இல் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் ஒன்று, 1963இல் ஒன்று. இன்று ஐந்து இளங்கலைக் கல்லூரிகள், இரண்டு மேற்படிப்பு நிறுவனங்கள். ஏழுக்கும் தனித்தனி நிர்வாகம், தனித்தனி கொடையாளர். ஆனால் ஏழுக்கும் பொதுவாக ஒரே பெரிய நூலகம். ஒரு கல்லூரி மாணவன் அடுத்த கல்லூரி வகுப்பில் போய் உட்கார்ந்து பாடம் கேட்கலாம். மரங்களும் முனைவர்களும் நிறைந்த ஊர் என்று அதைச் சொல்கிறார்கள்.

அந்த ஊரில் எல்லாமே நாம் பின்பற்ற வேண்டியதா? இல்லை. அது பணக்காரர் ஊராகிவிட்டது. அங்கே வேலை செய்கிறவர் எல்லோராலும் அங்கே வீடு வாங்கிக் குடியிருக்க முடியாது. ஆரஞ்சுத் தோப்புகள் எல்லாம் வீட்டு மனைகளாகிவிட்டன. கம்பம் சாலையில் நெல்வயலில் கல் நட்டு மனை விற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைப்புத்தான் வருகிறது. தோப்பை அழித்த பாடத்தை அவர்களோடு விட்டுவிடுவோம். நூலகத்தைப் பொதுவாக்கிய பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பொது நூலகம் நமக்குப் புதிதா என்ன? பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து இந்தியாவுக்கே வழிகாட்டியது சென்னை மாகாணம், 1948இல். நீங்கள் நகராட்சியில் வீட்டு வரி கட்டுகிறீர்களே, அந்த ரசீதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. நம் வீட்டுக் கூரையும் சுவரும் நூலகத்துக்கு வரி கட்டுகின்றன. அந்த நூலகத்துக்குள் நாம் எத்தனை பேர் கால் வைத்திருக்கிறோம்?

“இப்போது எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே, நூலகம் எதற்கு?” என்று கேட்கிற தம்பிகள் இங்கே இருப்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான் ஒரு பிள்ளையைக் காட்டிப் பதில் சொல்கிறேன்.

விடிவதற்கு முன்னால் கம்பம், கோம்பை, தேவாரம், போடி தெருக்களில் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குவாளியும் தலையில் கட்டிய துண்டுமாகப் பெண்கள் நெருக்கி ஏறுவார்கள். போடிமெட்டு வழியாக, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மலை ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். குனிந்து செடியின் தூரில் சரத்தைத் தேடிக் காய் எடுக்கிற வேலை. அட்டை கடிக்கும், மழை நனைக்கும். பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள். போடி ஏலத்தில் எட்டு மில்லிமீட்டர்க் காய் என்று தனி விலை போகிறதே, அந்தக் காய் இந்தக் கைகள் எடுத்த காய். அப்படி ஒரு தாயின் மகள் இன்று அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. வீடு ஒரே அறை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தண்ணீர் பிடிக்கவேண்டும், உலை வைக்கவேண்டும், தம்பியைப் பார்க்கவேண்டும். அந்த ஒரே அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். அவளிடம் கைப்பேசி இருக்கிறது. உட்கார்ந்து படிக்க ஒரு நாற்காலியும் ஒரு விளக்கும் மூன்று மணி நேர அமைதியும் அவளிடம் இருக்கிறதா? பாதுகாப்பாக வீடு திரும்ப எட்டரை மணிக்கு ஒரு பேருந்து இருக்கிறதா? நூலகம் என்று நான் சொல்வது அந்த நாற்காலியை, அந்த விளக்கை, அந்த எட்டரை மணிப் பேருந்தையும் சேர்த்துத்தான்.

இன்னொன்று சொல்லவேண்டும். போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் பக்கம், நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நம் மக்கள் எதிர்த்தார்கள். தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைச் சொன்னது. வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது வேறு. அந்த நாட்களில் பொட்டிப்புரத்து விவசாயி ஒருவர், ‘இது என்ன துகள், இது என் கிணற்றை என்ன செய்யும்?’ என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருந்தால், எங்கே போயிருப்பார்? பக்கத்திலேயே கல்லூரிகள் இருக்கின்றன, இயற்பியல் துறைகள் இருக்கின்றன, படித்த பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆதரிக்கிறவரும் எதிர்க்கிறவரும் ஊர்க்காரரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கேட்டுப் பேச ஓர் இடம் பள்ளத்தாக்கில் இருந்ததா? தன் மலையைப் பற்றிய விவாதத்தைத் தன் ஊரிலேயே நடத்திக்கொள்ள முடிகிற ஊருக்குத்தான் நான் கல்லூரி நகரம் என்று பெயர் வைப்பேன்.

கல்லூரி ஊருக்குக் கொடுக்கவேண்டியது மட்டும்தானா? ஊர் கல்லூரிக்குக் கொடுக்கவேண்டியதும் நிறைய. இன்று மலைத் தோட்டங்களில் பரவலாக நிற்கிற ‘ஞள்ளானி’ ஏலக்காய் ரகத்தைக் கண்டுபிடித்தது எந்தப் பல்கலைக்கழகம் என்று நினைக்கிறீர்கள்? கட்டப்பனையைச் சேர்ந்த ஒரு விவசாயி, செபாஸ்டியன் ஜோசப். தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடியைக் கவனித்து, பிரித்து, பெருக்கி உருவாக்கினார். அப்படிக் கவனிக்கிற கண்கள் நம் கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழேயும் இருக்கின்றன. எந்த மழைக்குச் செவட்டை நோய் வரும், எந்தக் கவாத்துக்கு எத்தனை நாளில் பூ வரும் என்று வாய்க்கணக்காகச் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதிவைக்க நம் கல்லூரிகளில் ஒரு தமிழ்த்துறை மாணவன், ஒரு தாவரவியல் மாணவி போதாதா? ஆனைமலையான்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. எழுதப்பட்டதை வாங்கி வைத்து, யார் கேட்டாலும் எடுத்துத் தர ஒரு பொதுவிடம்தான் இல்லை.

இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர். பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். வைரமுத்து வைகை அணைக்காக இடம்பெயர்ந்து வடுகபட்டிக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. மூவரும் வண்டியேறிச் சென்னைக்குப் போய்த்தான் தங்களை நிரூபித்தார்கள். சினிமாவுக்குச் சென்னைக்குத்தான் போகவேண்டும், அது சரி. ஆனால் ஒரு நல்ல புத்தகம் படிக்க, ஓர் ஆராய்ச்சி செய்ய, ஒரு வழக்குக்குச் சட்டம் தேடக்கூட வண்டியேற வேண்டும் என்றால் அது சரியா?

இப்போது கசப்பான ஒன்றைச் சொல்லப்போகிறேன். நம் கல்லூரிகள் பல ஒவ்வொரு சமூகத்தின் பெயரிலும் எழுந்தவை. அதில் எந்தத் தவறும் இல்லை. கதவு அடைத்திருந்த காலத்தில் அவரவர் பிள்ளைக்காக அவரவர் ஒரு கதவைத் திறந்தார்கள். திறந்த கதவு வழியாக எல்லோர் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். ஆனால் மாணவர்கள் கலந்துவிட்டார்கள், நிர்வாகங்கள் கலக்கவில்லை. ஒரு நிர்வாகம் இன்னொரு நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசிய மேடை எங்கே? விளையாட்டுப் போட்டிக்குக் கூடுகிறோம். புத்தகத்துக்கு ஏன் கூடக்கூடாது?

நம்மால் கூட முடியாதா? முடியும். கூடியிருக்கிறோம். 2010 டிசம்பர் கடைசியில் மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் நின்றது. அகலப்பாதை வரும் என்றார்கள், வருடங்கள் ஓடின. அந்த ரயிலுக்காகக் கேட்டவர்கள் யார்? வணிகர் கேட்டார், மாணவர் கேட்டார், ஏல வியாபாரி கேட்டார், எல்லாக் கட்சிக்காரரும் கேட்டார்கள். எந்தச் சாதிக்கும் அது தனி ரயில் இல்லை. 2022 மே மாதம் தேனிக்கு வந்தது. 2023 ஜூன் மாதம் போடிக்கு வந்தது. ரயிலைக் கேட்டு வாங்கியவர்கள் நாம்.

அதனால் இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். இங்கே அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர்கள் முதலில் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். அதற்குப் பணம் வேண்டாம். ஒரே வாசிப்பு அட்டை. எந்தக் கல்லூரி மாணவரும் எந்தக் கல்லூரி நூலகத்திலும் உட்கார்ந்து படிக்கலாம் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்திடுங்கள். பெரியகுளத்து மகளிர் கல்லூரி, தங்கள் வாசலில் பெண்களுக்கு மட்டும் என்று சொன்னால் சொல்லட்டும்; அதுவும் வரவேற்கத்தக்கதே. நூலகங்களை இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள். எட்டு மணிக்குப் பிறகு கம்பத்துக்கும் போடிக்கும் பெரியகுளத்துக்கும் ஆண்டிபட்டிக்கும் மாணவர் பேருந்து கேட்டு நாம் எல்லோரும் சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்போம். நானும் வருகிறேன்.

பெரிய காரியம் வணிகப் பெருமக்களுக்கு. தேனி நகரத்தில், பேருந்திலிருந்து இறங்கி நடந்தே போகிற தூரத்தில், எல்லாக் கல்லூரிக்கும் எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரு நூலகம் வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? மகமை கண்ட மண்ணில் நின்றுகொண்டா இந்தக் கேள்வி? இதுவரை அவரவர் பேட்டைக்கு மகமை கொடுத்தீர்கள். இனி இந்தப் பள்ளத்தாக்குக்கு என்று ஒரு மகமை கொடுங்கள். போடியில் ஏலக்காய் மூட்டைக்கு ஒரு ரூபாய். கம்பத்தில் திராட்சைப் பெட்டிக்கு ஒரு ரூபாய். சின்னமனூரில் வாழைத்தாருக்கு ஒரு ரூபாய். தேனிச் சந்தையில் பருத்திப் பொதிக்கு ஒரு ரூபாய். கணக்கு எழுத எல்லாச் சமூகத்திலிருந்தும் ஒவ்வொருவர். வரவும் செலவும் மாதாமாதம் நூலக வாசல் பலகையில் எழுதிப்போடவேண்டும். கொடையாளர் பெயர் கல்வெட்டில் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள். நிர்வாகக் குழுவில் மட்டும் மாணவர் இருவர் கட்டாயம் இருக்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் வணிகர் சங்கத்தினரும் கல்லூரி நிர்வாகிகளும் இதே அரங்கத்தில் ஒரு கால் மணி நேரம் உட்காரவேண்டும் என்று அவைத்தலைவர் அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களே, நீங்களும் கலைந்து போய்விடாதீர்கள். முதல் மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கவேண்டும்.